பாடத்தின் பெயருக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. 17 வயது மகள் ஓய்வு நேரமெல்லாம் யாரோ எழுதிய மென்பொருளின் பிழைகளை நோண்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு காசு வருவதில்லை. அவளுடைய பெரியப்பாவோ, செயற்கை நுண்ணறிவு என்று பெயர் தாங்கிய படிப்பில் இடம் பார்த்துவிட்டேன், வீட்டை அடமானம் வைத்தாவது சேர்த்துவிடு என்கிறார். பதறுவது இயல்புதான். ஆனால் ஆறுதல் சொல்லும் இடம் இதோடு முடிகிறது, ஏனென்றால் நீங்கள் கையெழுத்திடப் போகிற கடன் எனக்கு அடியோடு பிடிக்கவில்லை.

அந்தப் படிப்பின் பாடத்திட்டத்தை வாங்கி, முதல் இரண்டு ஆண்டுகளை மட்டும் வாசித்துப் பாருங்கள். கணிதம், தரவுக் கட்டமைப்பு, இயங்குதளம், வலையமைப்பு என்றுதான் பெரும்பாலும் இருக்கும். சாதாரணக் கணினி அறிவியல் பட்டத்திலும் இவைதான் உண்டு. மிஞ்சிய சில தாள்களுக்காகத்தான் அத்தனை கூடுதல் கட்டணம். அந்தத் தாள்களில் கற்பிக்கப்படும் கருவிகளோ பூட்டி வைத்த பொருட்களும் இல்லை. பைடார்ச் என்ற கருவி திறந்த மூல மென்பொருள், அதாவது அதன் நிரலை யாரும் வாசிக்கலாம், நகலெடுக்கலாம், திருத்தலாம். 2022 முதல் லினக்ஸ் அறக்கட்டளை என்ற லாப நோக்கற்ற அமைப்பின் கீழ் இருக்கிறது. டென்சர்ஃப்ளோ என்ற இன்னொரு கருவி 2015-லேயே அப்படித் திறந்து விடப்பட்டது. வேண்டும் என்றால் உங்கள் மகள் இன்று இரவே இறக்கிக்கொள்ளலாம். குடும்பம் கடன்படாமல் கட்டக்கூடிய கட்டணத்தில் கிடைக்கும் கணினி அறிவியல் பட்டமோ கணிதப் பட்டமோ போதும். இதில் நான் இறங்கி வருவதாக இல்லை.

வழக்கமான பாதைகள் வேறு சிலவும் உண்டு. அவற்றை உறவினர்கள் ஏற்கெனவே வரிசையாகச் சொல்லியிருப்பார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றது: "புதிதாக எதையும் உருவாக்க அவளுக்கு ஆசை இல்லை, உடைந்தது ஏன் உடைந்தது என்று கண்டுபிடிப்பதில்தான் ஆசை." குறையாக எழுதியிருக்கிறீர்கள். இந்தத் துறைக்கு இப்போது மிகவும் தேவைப்படுவது அந்தக் குணம்தான். அதன் பெயர் பராமரிப்பு: ஏற்கெனவே இருக்கும் மென்பொருளைப் பழுதுபார்த்துப் பேணுவது.

2024 மார்ச்சில் நடந்ததைச் சொல்கிறேன். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். வேறொருவர் என்றால் பெருமூச்சு விட்டு நகர்ந்திருப்பார். இவர் துருவினார். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளக்கதவு, அதாவது அத்துமீறி நுழைய ஒரு ரகசிய வழி, வைத்திருந்தது தெரியவந்தது. ஜியா டான் என்ற பெயரில் வந்த ஆள், தனியாளாகக் களைத்துப்போயிருந்த பராமரிப்பாளருக்கு உதவுவதுபோல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நம்பிக்கை சேர்த்து அதைச் செய்திருந்தார். பெரும்பாலான சர்வர்களுக்குப் போய்ச் சேருமுன் பிடிபட்டது. அரை விநாடியைப் பொறுக்காத ஒரு மனிதரால்.

பெரியப்பாவின் அடுத்த வாதம் எனக்குத் தெரியும்: இனி நிரலை எந்திரமே எழுதிவிடுமே? எழுதட்டும். எழுதிக் குவித்ததை யார் வாசிப்பது? இணையம் வழியே தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் என்ற திறந்த மூலக் கருவியைப் பல ஆண்டுகளாகப் பேணி வரும் டேனியல் ஸ்டென்பெர்க், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதிய போலிப் பிழை அறிக்கைகள் தம் குழுவின் நேரத்தைத் தின்பதாக வெளிப்படையாகவே புலம்பியிருக்கிறார். வாசித்து, இது பிழை, இது உளறல் என்று பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு வேலை கூடித்தான் இருக்கிறது. சட்டமும் அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் முதல் பொருந்தும். அங்கே மென்பொருள் அடங்கிய பொருளை விற்கும் நிறுவனம், அதற்குள் யாருடைய நிரல் இருக்கிறது, ஓட்டை தெரிந்தால் எப்படி அடைக்கப்போகிறது என்று சொல்லியாக வேண்டும். பட்டியல் போடவும் அடைக்கவும் ஆட்கள் வேண்டாமா?

அந்த வேலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்தால்தான் மகளோடு பேச முடியும். படம் திருத்தும் ஒரு மென்பொருளில் சேமித்த படத்தின் ஓரத்தில் கறுப்புக் கோடு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்ற பதிப்பில் விழவில்லை. இடையில் சுமார் 1,000 மாற்றங்கள் நடந்திருக்கின்றன, குற்றவாளி எது? நிரலில் நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் பைசெக்ட் என்றொரு கட்டளை உண்டு. அது நடுவில் உள்ள மாற்றத்தை எடுத்துத் தரும். நிரலைத் தொகுத்து ஓட்டிப் பார்த்து, கோடு விழுகிறதா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டும். பாதி கழிந்துவிடும். மறுபடி நடு, மறுபடி பாதி. சுமார் 10 சோதனைகளில் ஒரே ஒரு மாற்றத்தில் வந்து நிற்கும். பிறகு அதை எழுதியவர் எதற்காக எழுதினார் என்று வாசிக்க வேண்டும். இதைத் திருத்தப்போய் வேறொன்று உடையக்கூடாது. திருத்தத்தோடு, ஏன் திருத்தினேன் என்ற விளக்கமும் எழுத வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் அதைப் படித்துவிட்டு, "சோதனை எங்கே? இரண்டாம் பத்தி புரியவில்லை" என்று திருப்பி அனுப்புவார். முகம் சுண்டாமல் மறுபடி எழுத வேண்டும். எந்த நேர்முகத் தேர்வும் கேட்கத் துணியாத கேள்விகள் அங்கே கேட்கப்படும்; பதில்களும் பெயரோடு பொதுவெளியில் நிற்கும். வேலைக்கு எடுப்பவர்கள் அதைப் படிக்கலாம்.

படிகளும் இருக்கின்றன. டெபியன் என்பது லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இலவச இயங்குதளம், 1993-இல் தொடங்கியது, தன்னார்வலர்கள் நடத்துவது. அதில் ஒரு மென்பொருள் பொதியைத் தத்தெடுத்துப் பேணலாம். முதலில் அனுபவசாலி ஒருவர் சரிபார்த்து உங்கள் மகளுக்காக ஏற்றிவிடுவார். நம்பிக்கை வளர்ந்தால் டெபியன் பராமரிப்பாளர், அதற்கும் மேல் டெபியன் மேம்பாட்டாளர். பின்னவருக்கு அமைப்பின் தேர்தலில் வாக்கும் உண்டு. உதவித்தொகையோடு பழக, கூகுள் 2005 முதல் நடத்தும் கோடைக்கால நிரலாக்கத் திட்டம் இருக்கிறது. 2022 முதல் மாணவர் அல்லாத புதியவர்களும் சேரலாம். ஆனால் 18 வயது நிரம்ப வேண்டும் என்பதால் அவள் பொறுத்திருக்கத்தான் வேண்டும். அவுட்ரீச்சி என்ற திட்டமும் 18 கேட்கிறது. வீட்டிலிருந்தே செய்யும் ஊதியப் பயிற்சி, ஆண்டுக்கு இரு முறை.

இலவசமாகக் கொடுக்கும் பொருளில் சம்பளம் எங்கிருந்து வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரலில் சேரும் மாற்றங்களில் பெரும்பகுதி, நிறுவனங்களில் சம்பளம் வாங்குகிறவர்கள் எழுதுவது. யாரும் நகலெடுக்கக்கூடிய மென்பொருளைப் பேணிக்கொடுத்தே வளர்ந்த ரெட் ஹேட் நிறுவனத்தை 2019-இல் ஐபிஎம் சுமார் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. இதைப் பெரியப்பாவிடம் அப்படியே சொல்லுங்கள்.

இப்போது மகளுக்கான கண்டிப்பு. எல்லாத் திட்டங்களும் ஒன்றில்லை. ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருளை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமத்தை அதன் நிறுவனம் 2024 மார்ச்சில் இறுக்கியது. பங்களித்தவர்கள் பலர் வெளியேறி, பழைய நிரலை நகலெடுத்து, வால்கி என்ற தனிக் கிளையை லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் தொடங்கினார்கள். மறு ஆண்டு ரெடிஸ் திறந்த மூல உரிமம் ஒன்றைத் திரும்பச் சேர்த்தது. ஹாஷிகார்ப் என்ற நிறுவனம் 2023-இல் இதேபோல் உரிமத்தை இறுக்கியபோது ஓப்பன்டோஃபு என்ற கிளை பிறந்தது. ஆகவே ஓய்வு நேரத்தைக் கொட்டுமுன், திட்டம் யார் கையில் இருக்கிறது, பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் உரிமம் மாற்றும் அதிகாரத்தை ஒரே நிறுவனத்துக்கு எழுதிக்கொடுக்கச் சொல்கிறார்களா என்று அவள் வாசிக்க வேண்டும். எந்தத் திட்டத்துக்கும் தனிப் பராமரிப்பாளராக இப்போது ஒப்புக்கொள்ளவே கூடாது. தேர்வு மாதங்களில் முழு விடுப்பு. பட்டப்படிப்பை விடுவது பற்றிப் பேச்சே எழக்கூடாது. பராமரிப்பு வேலை பட்டத்துக்குப் பக்கத்தில்தான் வளர வேண்டும்.

உங்களுக்கும் ஒன்று. அத்தை மகன் எங்கே சேர்ந்தான் என்பதை வைத்து இந்தப் பெண்ணின் நான்கு ஆண்டுகளைத் தீர்மானிக்காதீர்கள். அவளுக்கே செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்கும் கணிதத்தில் ஆசை என்றால், நானே அந்தத் துறைக்கு வழி சொல்லியிருப்பேன், கடன் இல்லாமல். ஆசை அங்கே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

புது மடிக்கணினி வேண்டும் என்று அவள் கேட்டால் இப்போதைக்கு மறுத்துவிடுங்கள். வீட்டில் இருக்கும் பழையதில் நினைவகத்தைக் கூட்டி, டெபியனை அவளையே நிறுவச் சொல்லுங்கள். நிறுவும்போது வன்தட்டு அழிந்துபோகலாம். குடும்பப் படங்களையும் உங்கள் கணக்குகளையும் முதலில் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்து, அவை திறக்கின்றனவா என்றும் பார்த்துவிட வேண்டும்.