எத்தனை பேர், எங்கே, என்ன கேட்பது: நேர்காணலும் குழுக் கலந்துரையாடலும் பற்றிய கேள்வி பதில்

கொழும்பில் வீடு வீடாகப் போய், இருந்து, கதை கேட்டு எழுதுவதுதான் பதினைந்து வருடமாக என் வேலை. ஆய்வுக்காக ஆட்களோடு கதைப்பதில் எங்கே தடங்கல் என்று கேட்டிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவும் என் பதில்களும் இவை.

அக்கா, எத்தனை பேரை நேர்காணல் செய்தால் போதும்? மேற்பார்வையாளர் 30 என்கிறார், என்னிடம் 11தான் இருக்கிறது. (இறுதியாண்டு மாணவி, வெள்ளவத்தை)

தங்கச்சி, கடைசி மூன்று நேர்காணல்களில் இதுவரை கேட்காத ஏதாவது வந்ததா? வந்திருந்தால் இன்னும் போக வேண்டும். கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களோடு நடத்திய 60 நேர்காணல்களைத் திரும்ப அலசிப் பார்த்த ஆய்வு ஒன்று 2006இல் வெளிவந்தது. சொல்லப்பட்ட விஷயங்களில் முக்கால்வாசிக்கு மேல் முதல் 12க்குள்ளேயே வந்துவிட்டது, அடிப்படையான கருப்பொருள்கள் ஆறிலேயே தெரிந்துவிட்டன என்பது அதன் முடிவு. இதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அங்கே ஓரளவு ஒரே மாதிரியான ஆட்களிடம் ஒரே கேள்விகள்தான் கேட்கப்பட்டன. உங்கள் 11 பேரில் ஐந்து பேர் வெள்ளவத்தையில் சொந்த வீட்டுக்காரர், ஆறு பேர் மட்டக்குளியில் வாடகைக்கு இருப்பவர்கள் என்றால் அது இரண்டு தொகுதி. ஒவ்வொன்றிலும் தனித்தனியாக நிறைவு, அதாவது புதிதாக எதுவும் வராத நிலை, வர வேண்டும். மேற்பார்வையாளரிடம் எண்ணிக்கைக்காக வாதாடாமல் இதைக் காட்டுங்கள்.

நான் எந்த வீட்டில் கேட்டாலும் “ஒரு பிரச்சினையும் இல்ல மிஸ்” என்கிறார்கள். கேள்வியில் பிழையா? (சமூகப் பணியாளர், கிராண்ட்பாஸ்)

கேள்வியில் பிழை இருக்கலாம். ஆனால் முதலில், அவர்கள் உங்களை யாரென்று நினைக்கிறார்கள் என்று பாருங்கள். கொழும்பில் கையில் கடுதாசியோடு வீட்டுக்கு வருகிற ஆள் என்றால், ஒன்றில் உதவிப் பணத்துக்குப் பெயர் எடுக்க வந்தவர், இல்லையென்றால் வீட்டை அளக்க வந்தவர். வத்தைகள் என்கிற நெருக்கமான தோட்டக் குடியிருப்புகளில் இருந்து தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்ட குடும்பங்கள் இதைப் பலமுறை கண்டவை. அரசின் உதவிப் பணத் திட்டமான அஸ்வெசுமவுக்கு விவரம் எடுத்த பிறகு இது இன்னும் கூடியிருக்கிறது.

முகத்துவாரத்தில் ஒரு தொடர்மாடிக்கு முதல் தடவை கிராம சேவகரோடு போனேன். நல்ல மனிதர், அவரே வீடுகளைக் காட்டினார். நாலாம் மாடியில் ஒரு அம்மா, “தண்ணி நல்லா வருது மிஸ்” என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் மூன்று வாளிகள், விளிம்பு வரை தண்ணீர், ஒவ்வொன்றின் மேலும் ஒரு அலுமினியத் தட்டு. தண்ணீர் ஒழுங்காக வருகிற வீட்டில் யார் அப்படி நிரப்பி மூடி வைப்பார்கள்? நான் வாளியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கிழமை தனியாகப் போய்ப் படிக்கட்டில் அவரோடு உட்கார்ந்தேன். “அன்னைக்கு நீங்க பேர வெட்ட வந்த ஆளுன்னு நெனச்சேன்” என்று தொடங்கி ஒன்றரை மணித்தியாலம் கதைத்தார்.

ஆகவே தனியாகப் போங்கள், படிவத்தைப் பையில் வையுங்கள். இந்தக் கதையால் உதவி எதுவும் கிடைக்காது, கிடைக்கிற உதவி நிற்கவும் மாட்டாது என்று வாய் திறந்து சொல்லுங்கள். இரண்டாவது பாதியைத்தான் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். “என்ன பிரச்சினை?” என்று கேட்பதை விட்டு, “நேற்றுக் காலை எழும்பினதில் இருந்து என்னென்ன செய்தீங்க?” என்று கேளுங்கள். தண்ணீர், லிஃப்ட், பிள்ளையின் பஸ் எல்லாம் தானாக வரும்.

தனி நேர்காணலா, குழுவா? எங்கள் இடத்தில் செலவு குறைவு என்று குழுவைத்தான் சொல்கிறார்கள்.

செலவை வைத்து முடிவெடுக்காதீர்கள். 1941இல் நியூயோர்க்கில் வானொலி நிகழ்ச்சி கேட்பவர்களிடம் இரண்டு பொத்தான்கள் கொடுத்தார்கள், பிடித்தால் பச்சை, பிடிக்காவிட்டால் சிவப்பு. எந்த இடத்தில் அழுத்தினார்கள் என்று தெரிந்தது, ஏன் என்று தெரியவில்லை. அதைக் கேட்பதற்கு ரொபர்ட் மேர்ட்டன் என்ற சமூகவியலாளர் ஒழுங்குபடுத்திய முறையில் இருந்துதான் இன்றைய குழுக் கலந்துரையாடல் வளர்ந்தது. எல்லோரும் சேர்ந்து கேட்ட ஒன்றைப் பற்றி எல்லோரும் சேர்ந்து கதைப்பது. பஸ் கட்டணம், பாடசாலை, ஒரு விளம்பரம் என்றால் குழு சரி, ஒருவர் சொல்வதை மற்றவர் மறுக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். கடன், கணவன் அடிப்பது, வேலை போனது எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் கேட்கக் கூடாது. உண்மை வராது. வந்தால் அவருக்கு ஆபத்து.

குழுவில் ஒரு ஐயா மட்டும் கதைக்கிறார், மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். என்ன செய்யலாம்?

தம்பி, அந்த ஐயா யார்? புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமைமாரோடு ஒரு குழு வைத்தேன். எட்டுப் பேர், நல்ல அளவு. அதில் ஒருவர் மற்ற ஏழு பேருக்கும் வேலை பிரித்துக் கொடுப்பவர் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் குழுவை என்ன செய்தும் காப்பாற்ற முடியவில்லை. கூலி பற்றி அவர் சொன்னதுதான் எல்லோருக்கும் பதில். ஆளைக் கூப்பிடும்போதே யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்று விசாரியுங்கள். மாமியையும் மருமகளையும் ஒரே பாயில் இருத்தாதீர்கள்.

வெறுமனே வாய் நீளமானவர் என்றால் அவரை உங்களுக்குப் பக்கத்தில் இருத்துங்கள், கண் அவ்வளவாகப் படாது. அமைதியானவர் நேர் எதிரே. “ஐயா சொன்னதை எழுதிட்டேன், இந்தப் பக்கம் எப்படி?” என்று கையைக் காட்டலாம். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள், மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள்.

தமிழும் சிங்களமும் கலந்து கதைக்கிறார்கள். எழுதும்போது எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடலாமா?

வேண்டாம், தயவுசெய்து. ஒரு மணித்தியால ஒலிப்பதிவை எழுத நாலு முதல் ஆறு மணித்தியாலம் போகும், அந்தக் களைப்பில் எல்லோரும் செய்கிற வேலை இது. கொட்டாஞ்சேனையில் ஒரு பெண் கந்தோர் ஒன்றுக்கு அலைந்த கதையை முழுக்கத் தமிழில் சொன்னார், ஆனால் ஒவ்வொரு முறையும் “ஹெட்ட என்ன” என்ற இடத்தில் சிங்களத்துக்கு மாறினார். நாளைக்கு வாங்க என்றுதான் அர்த்தம். எல்லாவற்றையும் ஒரே மொழியாக்கினால் அந்தக் கந்தோர் அவரோடு எந்த மொழியில் கதைத்தது என்பது அழிந்துவிடும். சொன்னபடி எழுதுங்கள், அலசுங்கள், மேற்கோளாக எடுப்பதை மட்டும் கடைசியில் மொழிபெயருங்கள். இன்னொன்று, ஒலிப்பதிவு தெளிவாக இருக்க, போனை மேசையில் அப்படியே வைக்காமல் மடித்த துவாயின் மேல் வையுங்கள், ஃபேன் அதிர்வு குறையும்.

காசு கொடுப்பது சரியா?

நாட்கூலிக்காரர் அரை நாள் விட்டு வந்தால் அந்தக் கூலியும் பஸ் காசும் கொடுக்க வேண்டும். முதலே சொல்லுங்கள். நடுவில் எழும்பிப் போனாலும் கொடுங்கள்.

பெயரை மாற்றினால் போதாதா?

போதாது. “கொம்பனித்தெருவில் சலூன் நடத்தும் ஒரு விதவை” என்று எழுதினால் அந்தத் தெருவில் ஆளைத் தெரியாதவர் இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, ஒப்புதல் கடுதாசியும் இருக்கிறது. ஆனாலும் எழுதியதை அந்தத் தெரு ஆள் ஒருவர் வாசித்தால் என்ன நடக்கும் என்று நீங்களே ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

அக்கா, நேற்று ஒரு அம்மா அழுதுவிட்டார். மகன் வெளிநாட்டில் இறந்ததைச் சொல்லும்போது. நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். இரவெல்லாம் நித்திரை இல்லை.

முதல் தடவை எல்லோரும் அப்படித்தான் ஓடுவார்கள், நானும் ஓடியிருக்கிறேன். இனிமேல் ஒலிப்பதிவை நிறுத்துங்கள், நிறுத்தியதை அவருக்குக் காட்டுங்கள். ஆறுதல் வசனம் தேடாதீர்கள். அவர் முகம் துடைத்து முடிந்ததும், தொடரலாமா, இன்றைக்குப் போதுமா என்று அவரையே கேளுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தைத் துண்டுக் கடுதாசியில் எழுதி எப்போதும் பையில் வைத்திருங்கள், தேவைப்பட்டால் கொடுக்கலாம்.

அந்த அம்மாவிடம் இந்தக் கிழமையே திரும்பிப் போங்கள். ரெக்கோர்டர் வேண்டாம், கேள்வியும் வேண்டாம். பிளேன்டீ தருவார், குடியுங்கள். மகனின் படம் சுவரில் இருந்தால் பெயரைக் கேளுங்கள்.