ஓடிக்கொண்டிருக்கும் தும்பு ஆலைக்கு மானியக் கடன் கிடைக்குமா?

ஈத்தாமொழியில் நான்கு ஆண்டுகளாகத் தும்பு (தேங்காய் நார்) ஆலை நடத்தும் வாசகர் ஒருவர், பி.எம்.இ.ஜி.பி. எனப்படும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் தம் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதையும், வங்கி மேலாளர் தம்மை அவமதித்ததையும் விரிவாக எழுதி, முன்பணம் வாங்கிய ஓர் ஏஜெண்ட் சொல்வதுபோல் மனைவி பெயரில் விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

மேலாளர் பேசிய விதம் தவறுதான். ஆனால் அதற்காக நீங்கள் போடும் எந்தப் புகாரும் கடனை வாங்கித் தராது. அந்தத் திட்டத்தின் மானியம் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு உரியது, உங்கள் ஆலையோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்ற ஒன்றுதான் இங்கே சட்டப்படி முக்கியம். நிராகரிப்பு செல்லும்.

என் கவலையெல்லாம் ஏஜெண்ட் காட்டும் வழியைப் பற்றியது. அதே கொட்டகையில், அதே தும்படிக்கும் இயந்திரத்துக்குப் பெயின்ட் அடித்து, புதிதாக வாங்கியதுபோல் பில் வைத்து மானியம் பெற முயன்றவர்கள் பிறகு என்னிடம் வந்திருக்கிறார்கள். மானியத் தொகை உங்கள் கைக்கு வருவதில்லை. அது மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாகக் கிடந்து, நேரடி ஆய்வு முடிந்த பிறகே கடனில் கழிக்கப்படும். ஆய்வுக்கு வருபவர் மின் இணைப்பு யார் பெயரில், எந்தத் தேதியில் வாங்கப்பட்டது என்று பார்த்தாலே போதும், உண்மை வெளிவந்துவிடும். மானியம் திரும்பிப் போகும். கடன் மனைவியின் தலையில் நிற்கும். பொய்யான பில்லைக் கொடுத்ததற்கு, ஏழாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவின்கீழ் மோசடி வழக்கும் வரலாம். கையெழுத்துகள் எல்லாம் உங்கள் மனைவியுடையவை, ஒன்றுகூட ஏஜெண்டுடையது அல்ல. உங்கள் மனைவி வேறிடத்தில் உண்மையாகவே வேறொரு தொழில் தொடங்குவதாக இருந்தால் மட்டும் பேசலாம்.

ஓடும் தொழிலுக்கு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டமான முத்ராவில் கடன் உண்டு; 10 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையம் கேட்கக் கூடாது. ஆனால் அந்தக் கடனுக்கு அரசு தரும் உத்தரவாதம் வங்கியின் இழப்புக்குத்தான், உங்கள் தவணைக்கு அல்ல. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு தவணையை நிறுத்தியவர்கள் பலர். முத்ராவை ஒழுங்காக அடைத்து, ஆலை மூன்று ஆண்டுகள் லாபத்தில் நடந்தால், விரிவாக்கத்துக்கான இரண்டாவது கடனை மானியத்துடன் பி.எம்.இ.ஜி.பி.யிலேயே கேட்க அதன் நெறிமுறைகள் இடம் தருகின்றன.

நாகர்கோவில் கோணத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையத்துக்கு நீங்களே நேரில் போங்கள். இதற்கு இடைத்தரகர் தேவையில்லை. ஏஜெண்டிடம் கொடுத்த முன்பணத்தைப் பேசி, கிடைப்பதை வாங்கிக்கொண்டு, மனைவி கையெழுத்திட்ட தாள்கள் அனைத்தையும் இந்த வாரமே திரும்பப் பெறுங்கள்.