மசாலாக் கம்பெனி யாருடையது?

அன்புள்ள ஐயா,

பதினோரு வருடமாக மசாலாப் பொடி கம்பெனி நடத்துகிறேன். என் நகையை விற்றுத்தான் முதல் அரவை மெஷின் வாங்கினோம். ஆனால் ஜி.எஸ்.டி., கரண்ட் அக்கவுண்ட், லோன் எல்லாம் கணவர் பெயரில். வறுப்பதில் இருந்து கடை வசூல் வரை நான்தான். இப்போது பிரிவதென்று இருவரும் முடிவு செய்துவிட்டோம், சண்டை இல்லை. 'விவாகரத்து ஆனால் பாதி உனக்குத்தானே' என்கிறாள் தங்கை. அப்படியா?

– பெயர் வேண்டாம், ஈரோடு

அன்புள்ள வாசகிக்கு,

இல்லை. பாதிப் பாதி என்பது கலிபோர்னியா மாதிரி ஊர்களில். நம் இந்து திருமணச் சட்டத்தில் ஜீவனாம்சம் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதித்ததைச் சரிபாதியாகப் பிரிக்கும் பிரிவு கிடையாது. அதிலும் கணவர் பெயரில் மட்டும் நடக்கும் தனிநபர் நிறுவனம் (புரொப்ரைட்டர்ஷிப்) என்றால், சட்டத்தின் கண்ணில் கம்பெனியும் அவரும் ஒன்றுதான்.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சவூதியில் வேலை பார்த்த ஒருவர் வாங்கிய சொத்தில், வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அது விவாகரத்து வழக்கு அல்ல. அதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தால் இங்கே அரவை நின்றுபோகும்.

நகை விஷயம் வேறு. அது சீதனம், உங்களுடையது மட்டும். கேரளத்துப் பெண் ஒருவரின் 89 சவரன் வழக்கில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: கஷ்டத்தில் கணவன் எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பிக் கொடுக்கும் கடமை உண்டு. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னார்கள். நகை விற்ற ரசீது, மெஷின் பில், அந்த மாத பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்றையும் இன்றைக்கே தேடி எடுங்கள்.

அப்புறம், 'சண்டை இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கையில் இருக்கும் பெரிய முதல் அதுதான். இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவில் பரஸ்பர சம்மத மனு போடும்போதே மெஷின் யாருக்கு, பிராண்ட் பெயர் யாருக்கு, கடைகளில் நிற்கும் பாக்கி யாருக்கு என்று ஒப்பந்தமாக எழுதிவிடுங்கள். முதல் மனுவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 6 மாத இடைவெளி உண்டு. கோர்ட் நினைத்தால் குறைக்கலாம். அந்த இடைவெளியில் யாரும் மனம் மாறி சம்மதத்தை வாபஸ் வாங்கலாம் என்பதால், கைமாற வேண்டியதெல்லாம் அதற்குள் மாறிவிட வேண்டும். ஜி.எஸ்.டி. எண் பான் கார்டோடு கட்டியது, அதைப் பெயர் மாற்ற முடியாது. உங்கள் பெயரில் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். லேபிளில் இருக்கும் பெயரை டிரேட்மார்க் பதிவு செய்திருந்தால், அவர் உங்களுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

லோனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, எனக்கு அதுதான் உறுத்துகிறது. முன்பு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, விவாகரத்தாகி மூன்று வருடம் கழித்து ஒரு பெண் பேங்க் நோட்டீசோடு வந்து நின்றார். முன்னாள் கணவரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். நீங்கள் இருவரும் உங்களுக்குள் என்ன எழுதிக்கொண்டாலும் அது பேங்கைக் கட்டுப்படுத்தாது. நீங்கள் எங்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால், உங்களை விடுவித்ததாக பேங்க் எழுத்தில் தரும்வரை இரண்டாவது மனுவில் கையெழுத்து வேண்டாம். வக்கீலைப் பார்க்கப் போகும்போது அந்த லோன் பேப்பரின் நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.