பாட்டு இனிக்கிறது, வசனம் குழைகிறது: பல்பயன் அரங்கு

20×15×8 மீட்டர் கூடத்தில் கச்சேரி நன்றாக இருக்கிறது, நாடக வசனம்தான் புரியவில்லை என்கிறீர்கள். தயவுசெய்து ஒலிபெருக்கிக்குச் செலவழிக்காதீர்கள். கோளாறு அதில் இல்லை. நீங்கள் அளந்த 1.8 விநாடி எதிர்முழக்கம் (ஒலி நின்றபின் அதன் முழக்கம் கூடத்தில் அடங்க எடுக்கும் நேரம்) பாட்டுக்குச் சரி, வசனத்துக்கு 1 விநாடி போதும். 2400 கன மீட்டருக்கு சபைன் சூத்திரப்படி (0.161 × கன அளவு ÷ நேரம்) ஒலி உறிஞ்சும் பரப்பு 215லிருந்து 386 சதுர மீட்டராக உயர வேண்டும். கூடுதலாக வேண்டிய இந்த 171 சதுர மீட்டருக்கு, உறிஞ்சுதிறன் 0.6 உள்ள (படும் ஒலியில் 60% உறிஞ்சும்) கனத்த வெல்வெட் திரை என்றால் சுமார் 285 சதுர மீட்டர், ஏறக்குறைய மொத்தச் சுவர்ப் பரப்பில் பாதி.

பின்சுவரில் தொடங்குங்கள், அங்கே மோதி மேடைக்குத் திரும்பும் ஒலி 0.1 விநாடிக்கு மேல் பிந்துகிறது. இரு மடங்கு அகலத்துக்குத் துணி எடுத்துக் கொசுவம் வைத்துத் தையுங்கள். சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளித் தொங்கட்டும், ஒட்டினால் கீழ்ச்சுருதி அடங்காது. கச்சேரியன்று திரையை ஒதுக்க மூடிய பெட்டி கட்டாயம், இல்லையேல் ஒதுக்கிய துணியும் ஒலியை உறிஞ்சும்.