எம்டன் ஊரில் ஒரு நாள் – கடிதம்

வணக்கம் சார்,

மகள் பிரெமனில் வேலை பார்க்கிறாள். ஜூனில் போய் மூன்று வாரம் தங்கப்போகிறேன். ஹாம்பர்க், பெர்லின் எல்லாம் அவளே கூட்டிப்போகிறாளாம். எனக்கு எம்டனைப் பார்க்க ஆசை. சென்னையில் குண்டு போட்ட கப்பலுக்கு அந்த ஊர்ப் பெயர்தானே? என் தாத்தா பொல்லாத ஆளைக் கண்டால் "அவன் பெரிய எம்டன்" என்பார். மகளோ, "அங்கே மழையும் மாடும்தான் இருக்கு அப்பா" என்கிறாள். நீங்கள் அங்கே போயிருக்கிறீர்கள். ஒரு நாள் செலவழிக்கலாமா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

தாராளமாகப் போகலாம். மழையும் மாடும் உண்டு என்பதும் உண்மைதான். குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கப்பலைத் தேடிப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். அது அந்த ஊரில் கட்டப்பட்டதே அல்ல. கட்டியது டான்சிக்கில், இன்று போலந்தில் இருக்கும் கடான்ஸ்க். வங்காள விரிகுடாவுக்கு வந்தது சீனக் கரையில் ஜெர்மானியர் வைத்திருந்த சிங்டாவிலிருந்து. 1914 செப்டம்பர் 22 இரவு நம் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிவாங்கித் தரைதட்டியது. பெயர் மட்டும்தான் அந்த ஊருடையது. அதன் நினைவுக்கல் சென்னை உயர் நீதிமன்ற மதில் ஓரம் இருக்கிறது. அதைப் பார்க்க விமானம் ஏற வேண்டாம்.

எம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், ஐம்பதாயிரம் பேர் வாழும் சின்ன ஊர் எம்டன். வேலை என்றால் ஃபோக்ஸ்வாகன் ஆலை, துறைமுகம். கப்பலேறக் காத்திருக்கும் கார்கள் வெளித்துறையில் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும். ஊர் நடுவில் டெல்ஃப்ட் என்ற பழைய படகுத்துறை. அங்கிருந்தே தொடங்குங்கள். கடலில் கலங்கரை விளக்கம்போல் நின்று வழிகாட்டிய விளக்குக் கப்பலும் பழைய மீட்புக் கப்பலும் அருங்காட்சியகமாக அங்கே கட்டி நிற்கின்றன.

எதிரே நகரமன்றம். 1944 செப்டம்பர் 6 அன்று நேச நாடுகளின் விமானங்கள் இந்த ஊரின் பெரும்பகுதியை ஒரே நாளில் அழித்தன. பதினாறாம் நூற்றாண்டு மன்றமும் போனது. அதே இடத்தில் எழுப்பிய புதியதை 1962இல், அதே செப்டம்பர் 6 அன்று திறந்தார்கள். நம் ஊர்த் தாத்தாக்களைப் பயமுறுத்திய பெயர்ப்பலகை தொங்கும் இடத்தில் நின்று இதைக் கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. தெருக்களில் அன்றைய கான்கிரீட் பதுங்கிடங்கள் இன்னும் நிற்கின்றன. ஒன்று அருங்காட்சியகம், ஆனால் வருடம் முழுக்கத் திறந்திருக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது பெரிய தேவாலயம். 1943இல் குண்டு விழுந்து அரை நூற்றாண்டு இடிபாடாகவே கிடந்தது. 1995இல் அந்தச் சுவர்களுக்குள்ளேயே ஒரு நூலகம் கட்டிவிட்டார்கள். யோஹானஸ் ஆ லாஸ்கோ நூலகம் என்று பெயர். வாசல் ஒன்றின் மேல் கல்லில் ஒரு கப்பல் செதுக்கியிருக்கும். பதினாறாம் நூற்றாண்டில் மதத்துக்காக நெதர்லாந்திலிருந்து துரத்தப்பட்டவர்களுக்கு இந்த ஊர் அடைக்கலம் கொடுத்தது, அதற்கு நன்றி. எம்டனில் பார்க்கவேண்டிய கப்பல் இதுதான் என்பேன்.

ஓவியம் பிடித்தால் குன்ஸ்ட்ஹாலே என்ற கலைக்கூடம். 'ஷ்டெர்ன்' பத்திரிகையைத் தொடங்கிய ஹென்ரி நானென் இந்த ஊர்க்காரர். தன் சேகரிப்புக்காக 1986இல் அதைத் திறந்தார். அப்புறம் கெஸ்ஸல்ஷ்லொய்ஸே: வட்டமான ஒரு தொட்டி, நாலு பக்கமும் கதவு, நாலு நீர்வழிகள் அதில் வந்து சேர்கின்றன. படகு உள்ளே வந்ததும் கதவை மூடி, தண்ணீர் மட்டத்தைச் சரிசெய்து, வேறு பக்கத்துக் கதவைத் திறந்து அனுப்புவார்கள். வேடிக்கை பார்த்து முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. பக்கத்து ஊரான ஸூர்ஹூஸனில் இத்தாலியின் பைசா கோபுரத்தைவிட அதிகம் சாய்ந்த தேவாலய கோபுரம் உண்டு. நேரம் இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் பரவாயில்லை.

தேநீரை மட்டும் விடாதீர்கள். அந்தப் பகுதிக்காரர்கள் ஆளுக்கு வருடம் சுமார் 300 லிட்டர் குடிக்கிறார்கள், பெரும்பாலும் நம் அசாம் தேயிலை. முதலில் கோப்பையில் பெரிய கற்கண்டு. மேலே சூடான டீ ஊற்றினால் அது படபடவென்று வெடிக்கும். பிறகு ஓரமாக ஒரு கரண்டி கிரீம். கலக்கக்கூடாது! முதலில் கிரீம், அப்புறம் கசப்பு, கடைசியில் இனிப்பு என்று இறங்கவேண்டும். நான் வழக்கம்போல் ஒரு சுற்றுச் சுற்றிக் கலக்கிவிட்டேன். பரிமாறிய அம்மாள், கோவிலுக்குள் செருப்போடு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

பிரெமனிலிருந்து நேரடி ரயில் இருக்கிறது, ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நீடர்ஸாக்சன் டிக்கெட், அதாவது அந்த மாநிலத்தின் ஒரு நாள் ரயில் சீட்டு, செல்லும். வார நாளில் காலை ஒன்பதுக்குப் பிறகுதான் அதை வைத்து ஏறலாம். திரும்பும் வண்டியைப் பார்த்து டீ குடிக்க உட்காருங்கள். மூன்று கோப்பை அங்கே குறைந்தபட்ச மரியாதை. போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைக்கவேண்டும், அதுவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு இது ஆறாவது கோப்பையில்தான் தெரிந்தது, அதற்குள் ரயில் போய்விட்டது.