மீன் தொட்டி ஸ்டாண்டுக்குள்ள ஒரே ஈர வாடை, கதவுல பூசணம் பூக்குது. என்ன பண்ணலாம்?

எங்க வீட்டுலயும் இதே கூத்துதான் நடந்துச்சு, அதனால சொல்றேன். மூணடி தொட்டி, கீழ கதவு வச்ச ஸ்டாண்டு, அதுக்குள்ள ஃபில்டர் சம்ப் (மேல தொட்டித் தண்ணி எறங்கி வடிகட்டற சின்னத் தொட்டி, வாசல்ல இருக்கற தண்ணி சம்ப் இல்லீங்க), ஏர் பம்ப், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மீன் சாப்பாட்டு டப்பான்னு எல்லாத்தையும் அடைச்சு வச்சிருந்தேன். ஐப்பசி மழை பிடிச்சு ஒரு வாரம் இருக்கும், கதவ தெறந்தா நனைஞ்ச கோணி வாடை. எலி ஏதோ செத்துக் கெடக்குன்னு எங்கம்மா அடிச்சு சொன்னாங்க. டார்ச் அடிச்சுப் பாத்தா கதவோட உள்பக்கம் கீழ் மூலைல பச்சையா, மாவு தூவின மாதிரி.

வினிகர் போட்டு தொடச்சேன், பத்து நாள்ல திரும்ப வந்துடுச்சு. சிலிக்கா ஜெல் வாங்கி ஒரு கிண்ணத்துல வச்சேன், ராத்திரி நீலமா இருந்தது காலைல பிங்க் ஆகியிருந்துச்சு (ஈரம் குடிச்சுட்டா அப்படி மாறும்), பக்கத்துலயே சம்ப் தண்ணி தெறந்து கெடக்கு, அது எவ்வளவுதான் உறிஞ்சும் பாவம். அதனால தொடைக்கறத அப்புறம் பாத்துக்கலாம், தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு மொதல்ல கண்டுபிடிங்க.

அதுக்கு ஒரு சுலபமான வழி. உள்ள எல்லாத்தையும் நல்லா தொடச்சுட்டு அடில பழைய நியூஸ்பேப்பர் விரிச்சு கதவ மூடிடுங்க. காலைல பேப்பர்ல வட்ட வட்டமா கறை இருந்தா எங்கயோ சொட்டுதுன்னு அர்த்தம், நேர் மேல எது இருக்குன்னு பாருங்க. கறையே இல்லாம பேப்பர் முழுக்க அப்பளம் நமுத்த மாதிரி இருந்தா அது ஒழுகல் இல்ல, ஆவி.

எனக்கு ரெண்டுமே இருந்துச்சு! சொட்டினது ஏர் பம்ப் ட்யூப்ல. பம்ப் தொட்டி தண்ணி மட்டத்துக்குக் கீழ இருந்தா கரண்ட் போனதும் தண்ணி ட்யூப் வழியா பின்னாடி ஏறி கீழ வந்துடும், அதத் தடுக்க இருபது முப்பது ரூபாய்க்கு ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டா போதும், கடைக்காரர் சொல்லவும் இல்ல நான் கேக்கவும் இல்ல. இன்னொண்ணு வயரு. தொட்டிலேர்ந்து வர்ற வயர் மேல தண்ணி மெதுவா வழிஞ்சு வரும், ப்ளக்குக்குப் போறதுக்கு முன்னாடி கீழ ஒரு வளைவு தொங்கற மாதிரி விட்டா அங்கயே சொட்டிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ தயவுசெஞ்சு தரைல போடாதீங்க, பக்கவாட்டுல மேல ஸ்க்ரூ பண்ணிடுங்க.

ஆவிக்கு வர்றேன். என் தொட்டில ஒரு நாளைக்கு ஒண்ணரை லிட்டர் மாதிரி குறையும், அதுல பாதிக்கு மேல மூடின கதவுக்குள்ளதான் சுத்திட்டு இருந்திருக்கும்னு நெனைக்கறேன். சம்ப் மேல அக்ரிலிக் ஷீட் வெட்டி மூடினேன், ட்யூப் போற எடம் மட்டும் ஓட்டை. அப்புறம் பின்பக்கப் பலகைல மேல் மூலைல ஓட்டை போட்டு பழைய கம்ப்யூட்டர் ஃபேன், 12 வோல்ட் அடாப்டர்ல, காத்த வெளிய தள்ற மாதிரி மாட்டினேன். கீழயும் காத்து உள்ள வர எடம் விடணும், இல்லன்னா ஃபேன் சும்மா சுத்தும். சுவத்துக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவுல மூணு நாலு விரல் இடைவெளி இருக்கட்டும். ஈரப்பதம் காட்டற சின்ன மீட்டர் உள்ள வச்சிருந்தேன், முன்னாடி 95க்கு மேல காட்டினது இப்ப ஹால்ல என்ன இருக்கோ அதேதான் காட்டுது. அதுக்குக் கீழ எறக்கணும்னு மல்லுக்கட்டாதீங்க, மழைக்காலத்துல சென்னை ஹாலே 80ல நிக்கும், காத்து நகந்துட்டே இருந்தா போதும்.

சுத்தம் பண்றப்போ ஒரு விஷயம். ஏர் பம்ப் ஸ்டாண்டுக்குள்ள இருக்கற காத்ததான் இழுத்து தொட்டிக்குள்ள விடுது. அதுக்குள்ள ஃபினாயில், ப்ளீச், கொசு ஸ்ப்ரே, வார்னிஷ் எது அடிச்சாலும் நேரா மீனுக்குத்தான் போகும். பம்ப வேற ரூமுக்கு பக்கமா நகத்திட்டு, மாஸ்க் போட்டு, சோப்புத் தண்ணி நனைச்ச துணியால தொடைங்க, காஞ்ச பிரஷ் போட்டுத் தேச்சா பூசணத் தூள் வீடு பூரா பறக்கும். நல்லா காஞ்சப்பறம் பிளைவுட்டோட வெட்டின ஓரத்துக்கெல்லாம் பெயின்ட் அடிச்சு மூலைல சிலிக்கான் பசை போடுங்க, மைக்கா ஒட்டின பக்கம் தாங்கும், தண்ணி குடிக்கறது அந்த ஓரம்தான்.

ஆனா உங்க ஸ்டாண்டு பார்ட்டிகிள் போர்டா (மரத்தூள அழுத்தி ஒட்டின பலகை) இருந்து ஓரம் உப்பி, நகத்தால அழுத்தினா உள்ள போகுதுன்னா மேல சொன்ன எதையும் பண்ணாதீங்க. மூணடிக்கு 15 அங்குல அகலம், 18 உயரம்னா தண்ணி மட்டுமே கிட்டத்தட்ட 160 கிலோ, கண்ணாடி, கல்லெல்லாம் தனி. தொட்டி விளிம்புலேர்ந்து தண்ணி மட்டம் ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கான்னு ஸ்கேல் வச்சுப் பாருங்க, சாஞ்சிருந்தா உடனே தண்ணிய எறக்கிட்டு வெல்டிங் பட்டறைல இரும்பு ஸ்டாண்டு சொல்லிடுங்க. தொட்டி அடில போடற தெர்மாகோலுக்குக் கீழயும் தண்ணி நிக்கும், அதையும் ஒரு தடவ பாத்துடுங்க.

மத்ததெல்லாம் ஞாயித்துக்கிழமை பண்ணிக்கலாம், அந்த வால்வ மட்டும் இன்னிக்கே மாட்டுங்க, மழைல கரண்ட் எப்ப போகும்னு யாருக்குத் தெரியும்.