முதுமையில் எச்.ஐ.வி.: சிகிச்சை பலன் தருமா?

கேள்வி: கண்புரை அறுவைக்கு முன் செய்த பரிசோதனையில், 67 வயதான என் கணவருக்கு எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்தது. அவர் நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் உட்கொள்கிறார். இந்த வயதில் சிகிச்சை பலன் தருமா? நானும் பரிசோதிக்க வேண்டுமா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: கலங்காதீர்கள், அம்மா, நிச்சயமாகப் பலன் தரும். முதலில் இருவரும் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்கு (எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்) செல்லுங்கள். அவருடைய பரிசோதனை முடிவை அங்கே உறுதி செய்ய வேண்டும். உங்களுக்குத் தொற்று இல்லை என்று வந்தாலும், மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்ப்பது அவசியம்.

முதுமையில் எதிர்ப்பாற்றல் விரைவாகக் குறைவதால் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையங்களில் கூட்டு மருந்து இலவசம். பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒரே மாத்திரைதான். அதிலுள்ள டோலுடெகிராவிர் என்ற மருந்து, உடலில் மெட்ஃபார்மின் அளவை உயர்த்துவதால் மெட்ஃபார்மின் மாத்திரையின் அளவை மருத்துவர் குறைக்க நேரலாம். அதிலுள்ள மற்றொரு மருந்தான டெனோஃபோவிர் சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கக்கூடும் என்பதால் அவ்வப்போது பரிசோதனையும் தேவைப்படும். ஆகவே அவர் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும், கால்சியம், அமில முறிவு மருந்து உட்பட, மறைக்காமல் காட்டுங்கள்.

மாதவிடாய் நின்றபின் பெண்ணுறுப்பின் உட்சவ்வு மெலிவதால் உங்களுக்குத் தொற்று எளிதாகும்; எனவே அவரது வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கியதை மருத்துவர் உறுதிசெய்யும் வரை ஆணுறை கட்டாயம். ஊராருக்குத் தெரிந்துவிடுமோ என்று தயங்க வேண்டாம்: 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் இரகசியத்தைக் காக்கிறது. 1097 என்ற இலவச எய்ட்ஸ் உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.